முந்நூற்று அறுபத்திரண்டு கையெழுத்துகள்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்தனார் சுவருக்கு மட்டம் பார்க்கும் கருவியின் பெயர் ஒரு வெல்டருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, விளிம்பு வரை தேநீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பதினான்கு படி இரும்பு ஏணியில் ஏறி, மேலே வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கொடுத்தார். கீழே நின்றவர்கள் ஏணிப் படிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள். எங்கும் ஈரம் இல்லை. அன்று மாலையே பெயர் வைத்தாகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அதன்பிறகு சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது.

இருபத்து நான்கு வயதில் சேர்ந்தார். இப்போது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுகளும் ஒரே பட்டறை, ஒரே டோக்கன் எண்: பதினேழு. கல் உடைக்கும் இயந்திரங்களின் இரும்புத் தாடைகள் தேய்ந்துபோய் அங்கே வரும். தேய்ந்த இடத்தில் உலோகத்தை உருக்கி, வரி வரியாக அடுக்கி, பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. பல் வைத்தியம் மாதிரிதான். நோயாளியின் எடை முந்நூறு கிலோ, வலிக்கிறது என்று வாய் திறக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லோடு மோதித் தாக்குப்பிடிக்க வேண்டிய உலோகம் என்பதால் அந்த வெல்டிங் கம்பியில் மாங்கனீசு அதிகம். கம்பி எரியும்போது எழும் புகை பழுப்பாக, கனமாக, போக மனமில்லாமல் நிற்கும். வெல்டிங் வெளிச்சம் மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அவருடைய இடத்தை மூன்று பக்கமும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மற்றவர்களின் கண்ணைக் காப்பாற்றிய அந்தத் தகரம், புகையையும் வெளியே விடாமல் அவருக்கென்றே பத்திரமாக வைத்துக்கொடுத்தது.

பட்டறைக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. புகை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியிருந்தார்கள். சக்கரம் வைத்த நல்ல இயந்திரம். அதன்மேல் வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் தூசி படிந்துவிடும் என்பதால் பிரிக்கவில்லை. யாராவது பார்வையிட வரும் நாளில் உருட்டி வந்து ரசமட்டத்தின் பக்கத்தில் நிறுத்துவார்கள். படம் எடுத்ததும் திரும்பப் போய்விடும். ஆறு ஆண்டில் அது ஒன்பது முறை வெளியே வந்தது. ஒருமுறைகூட உறிஞ்சவில்லை.

அதற்குப் பதிலாகத் தினமும் காலை பத்தரைக்கு ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு டம்ளர் பால் உண்டு. பால் குடித்தால் புகை கழுவிப் போய்விடும் என்பது நிர்வாகத்தின் உறுதியான நம்பிக்கை. பால் இறங்குவது வயிற்றுக்கு, புகை இறங்குவது நுரையீரலுக்கு. இரண்டும் எந்தச் சந்திப்பில் பார்த்துக்கொள்ளும் என்று இருபத்திரண்டு ஆண்டில் யாரும் கேட்கவில்லை. ரசமட்டமும் கேட்கவில்லை. பால் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் போனது சிரிப்பு. எப்போது போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"ஏம்பா, பிடிக்கலையா?" என்றாள் மகள்.

"பிடிச்சிருக்கு. ரொம்ப சந்தோஷம்" என்றார். மின்கட்டண அறிவிப்பை வாசிப்பதுபோல் இருந்தது. உள்ளே உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை முகத்துக்கு அனுப்பிவைத்தார். வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பிறகு கோபம் வந்தது. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் குரல் உயர்த்தாதவர், சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை என்று சட்டையைக் கிழித்து எறிந்தார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். எல்லாச் சட்டைகளிலும் பொத்தானை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்தார். பிறகு நடை மாறியது. குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தில் எம்பி எம்பி வந்தார்.

மனைவியின் தம்பி லாரி ஓட்டுபவர். வாடகைக்கு எடுத்த வாய்போல் ஓயாமல் ஓட்டுவார்.

"என்ன மச்சான், சேவல் மாதிரி நடக்கறீங்க? எங்க குப்பையைக் கிளறப் போறீங்க?"

"வாயை மூடுடா" என்றார் மனைவி.

"இல்லக்கா, உண்மையைக் கேக்கறேன். எனக்குத் தெரியாம எங்கயாவது தனியா ஊத்திக்கறாரா? அப்படின்னா அது துரோகம். கூடப் பொறந்தவன் மாதிரி நான் ஒருத்தன் இருக்கும்போது..."

ரசமட்டம் குடிக்கமாட்டார். அவருடைய அப்பா நான்கு பேருக்குப் போதுமான அளவு குடித்து முடித்துவிட்டுப் போயிருந்தார். மகனுக்கு அதில் பங்கு மிச்சமில்லை. சின்ன வயதில் தெருவில் அவரைக் 'குடிகாரன் பையன்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைக் கழற்றி எறியத்தான் ரசமட்டம் என்ற பெயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை. வரி ஒன்றை முடித்துவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தார். எல்லா வெல்டரும் செய்வதுதான். ஒரு வரி முடிந்தால் பின்னால் தள்ளி நின்று தன் கைவேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டடி போனவர் அங்கே நிற்கவில்லை. மரம் சாய்வதுபோல் அப்படியே மல்லாக்க விழுந்தார்.

ஃபோர்மன் ஓடிவந்தார். குனிந்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. வாசனை வராத சரக்காக இருக்கும் என்று அவர் அறிவு அவருக்குச் சொன்னது.

கம்பெனி டாக்டர் வியாழன்தோறும் பதினொரு மணிக்கு வந்து பதினொன்று நாற்பதுக்குப் போவார். இருபத்தொன்பதாம் தேதி வியாழன்.

"கையை நீட்டுங்க" என்றார், தன் கைபேசியைப் பார்த்தபடி. "நடுங்குது. எத்தனை வருஷமா குடிக்கறீங்க?"

"குடிக்கறதில்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"குடிக்காதவங்க எப்படி சொல்வாங்க, டாக்டர்?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். கோப்பில் எழுதினார்: 'மறுக்கிறார். குடிப்பவர்களின் இயல்பு.'

மார்ச் 4 முதல் புது உத்தரவு. டோக்கன் பதினேழு தினமும் காலை 7.50க்கும் மதியம் 1.30க்கும் கேட்டில் சுவாசப் பரிசோதனைக் கருவியில் ஊத வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கேட்டில் இருந்த காவலருக்கு அடிஸ்கேல் என்று பெயர். முப்பத்தோரு ஆண்டு நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஓரடி அளவுகோல் ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். உத்தரவு வந்த அன்றே தடித்த பதிவேடு ஒன்றை எடுத்து, தேதி, நேரம், டோக்கன், அளவு, கையெழுத்து, குறிப்பு என்று ஆறு கட்டம் கோடு போட்டு வைத்துவிட்டார்.

"டோக்கன் நம்பர்?"

"இருபத்திரண்டு வருஷமா பதினேழுதான். தினமும் நீங்கதானே கேட்டைத் திறந்து விடறீங்க?"

"கேக்கறது என் வேலை, சொல்றது உங்க வேலை. ஊதுங்க."

ஊதினார். பூஜ்யம். கையெழுத்துப் போட்டார். பெரிய, நீட்டமான கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் வேலி தாண்டும் ஆடு மாதிரி குதித்து அடுத்த கட்டத்தில் நின்றது.

"தம்பி, நான் எதுக்குக் கட்டம் போட்டேன்? உங்க கையெழுத்தோட வால் குறிப்புக் கட்டத்துல போய் உக்காந்திருக்கு."

"கை அப்படித்தான் வருது."

"நாலு சென்டிமீட்டர் குடுத்திருக்கேன். ஒரு மனுஷனுக்கு அது போதும்."

அன்று முதல் தினமும் இரண்டு முறை ஊதினார், இரண்டு முறை கையெழுத்துப் போட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பட்டறையில் எந்த இயந்திரமும் அவ்வளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டதில்லை. கம்பிகளைச் சோதிக்கவில்லை, காற்றைச் சோதிக்கவில்லை. குடிக்காத ஒரு மனிதரின் மூச்சு மட்டும் நாள் தவறாமல் சோதிக்கப்பட்டது. அந்த மூச்சு உள்ளே போகும்போது எதைக் கொண்டுபோகிறது என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பூஜ்யம், பூஜ்யம் என்றே வந்துகொண்டிருந்ததில் ஃபோர்மனுக்குச் சந்தேகம். ஜூன் மாதம் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து கேட்டுக்கு வந்தார்.

"பெரியவரே, மிஷின் ரிப்பேர்னு நினைக்கறேன்."

"ரிப்பேரா இல்லையான்னு பாத்துடலாம். நீங்க ஒரு தடவை ஊதுங்க" என்றார் அடிஸ்கேல்.

ஃபோர்மன் ஊதினார். கருவி கீச்சென்று கத்தியது. அடிஸ்கேல் எண்ணைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், ஏதோ எழுதினார். ஃபோர்மன் அதற்குப் பிறகு மிஷினைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் ரசமட்டத்தின் கையெழுத்து முதல்முறையாகக் கட்டத்துக்குள் அடங்கியது. அடிஸ்கேல் முகம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா? சொல்லிக்கிட்டே இருந்தா மனுஷன் திருந்துவான். இப்பதான் இது கையெழுத்து."

ரசமட்டம் சின்னதாகப் போட முயற்சி செய்யவில்லை. பழைய மாதிரி பெரிதாகப் போடத்தான் பார்த்தார். கை பாதியிலேயே போதும் என்று நின்றுகொண்டது.

ஆகஸ்டில் கட்டத்தில் பாதி காலியாக இருந்தது. "சபாஷ்" என்றார் அடிஸ்கேல். செப்டம்பரில், "கோர்ட்டுல முப்பத்தோரு வருஷம் இருந்தேன், இவ்வளவு அடக்கமான கையெழுத்துப் பாத்ததில்ல" என்றார். பட்டறையில் ரசமட்டத்துக்குக் கிடைத்துவந்த ஒரே பாராட்டு அதுதான். அவருடைய வெல்டிங் வரிகள் இப்போது நெளிந்தன. ஃபோர்மன் அவற்றை இரண்டாம் முறை உரசி எடுக்கவைத்தார்.

அக்டோபர் 9, புதன். வெளியூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். புகை உறிஞ்சும் இயந்திரம் பத்தாவது முறையாக உறையோடு வந்து நின்றது. மேனேஜர் ரசமட்டத்தைக் காட்டி, "எங்க சீனியர் வெல்டர்" என்றார். வந்தவர்களுக்கு வழிவிட ரசமட்டம் ஓரடி பின்னால் வைத்தார். வைத்த கால் நிற்கவில்லை. புகை உறிஞ்சும் இயந்திரத்தின்மேல் சாய்ந்து, அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். அந்த இயந்திரம் அவருக்குச் செய்த முதல் உதவி அது. தலை தரையில் மோதவில்லை.

உறை கிழிந்துவிட்டது. மேனேஜருக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கடிதம் வந்தது. வேலை நேரத்தில் மது போதையில் இருந்ததாகக் குற்றச்சாட்டு. அக்டோபர் 21, திங்கள், விசாரணை. அதுவரை வேலைக்கு வர வேண்டாம். நிரூபணமானால் பணிநீக்கம்.

கடிதத்தை மனைவி வாசித்தார். ரசமட்டம் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"வேலை போனா போகட்டும்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "இந்த வார்த்தையோட போகமாட்டேன். என் பொண்ணை எவனும் குடிகாரன் பொண்ணுன்னு கூப்பிடக்கூடாது."

அப்போது உடன் இருந்த லாரிக்கார மச்சான் முதல்முறையாக ஜோக் அடிக்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம் மச்சான். நரம்பு டாக்டர் இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவின் முன் நீண்ட பெஞ்சு. மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கைபேசி மேசையில் குப்புறக் கிடந்தது. அவர் ரசமட்டத்தின் முகத்தைத்தான் பார்த்தார்.

"எழுந்து நடங்க. அந்தச் சுவர் வரைக்கும். சரி. இப்ப திரும்பாம, அப்படியே பின்னாடி நடந்து வாங்க."

"பின்னாடியா?" என்றார் மனைவி பதறி. "பின்னாடி நடந்தாத்தான் விழறாருங்க."

"தெரியும். நான் பின்னால நிக்கறேன்."

இரண்டாவது அடியில் ரசமட்டம் டாக்டரின் கைகளில் சாய்ந்தார். டாக்டர் அவரைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது. கம்பெனி டாக்டருக்கு அது தெரிந்தே இருந்ததால் கேட்கத் தேவைப்படவில்லை.

"என்ன கம்பி எரிக்கறீங்க? பாக்கெட்ல என்ன எழுதியிருக்கு?"

ரசமட்டம் யோசித்தார். ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைப் பிரித்திருக்கிறார். ஒன்றையும் படித்ததில்லை. மனைவிக்குத்தான் சட்டென்று நினைவு வந்தது. கம்பி வரும் அட்டைப்பெட்டிகள் நல்ல கனமானவை. காலியானதை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவி அதைப் பிரித்து, அளவாக வெட்டி, சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்.

புதன்கிழமை மறுபடி போனபோது ஒரு தட்டின் அட்டையையே எடுத்துப் போனார். நடுவில் எண்ணெய் டப்பா வைத்த வட்டக் கறை. கறைக்குக் கீழே எட்டு மொழிகளில், எறும்பு உட்கார்ந்து படிக்கும் அளவில் எச்சரிக்கை. ஆறாவதாக நம் மொழி. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்: 'இப்புகையை நீண்டகாலம் சுவாசித்தல் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்.'

"அஞ்சு வருஷமா என் சமையலறையில இருக்கு" என்றார் மனைவி. "தினமும் இதுமேலதான் டப்பாவை வெச்சு எடுத்தேன்."

டாக்டர், முதல் தடவை வந்தபோது எடுக்கவைத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மூளையின் நடுவே இரண்டு பக்கமும் வெள்ளையாக இரண்டு திட்டு. "இந்த இடம் இப்படி வெளுத்துத் தெரியக்கூடாது. மாங்கனீசு போய் உக்காந்திருக்கு. நடக்க, எழுத, சிரிக்க, எல்லாத்துக்கும் உத்தரவு போற பாதை இது. குடியால வந்ததில்ல."

"சரியாயிடுமா?" என்று மச்சான் கேட்டார்.

"புகையை இன்னையோட நிறுத்தணும். நிறுத்தினாலும் போனது முழுசா திரும்பாது. மருந்து குடுத்துப் பாக்கலாம். இதுக்கு மருந்து அவ்வளவா பேசாது. இது தொழிலால வந்த நோய்னு தொழிலாளர் துறைக்கு நான் எழுதியாகணும்." பிறகு ஒரு தாளை நீட்டினார். "உங்க கையெழுத்தை இதுல போடுங்க. பழைய கையெழுத்து ஏதாவது இருக்கா? இந்த நோயில எழுத்து சின்னதாகிக்கிட்டே போகும். எப்பலேருந்து ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா நல்லது. தேதியோட இருந்தா இன்னும் நல்லது."

ரசமட்டம் தாளைப் பார்த்தார். அவர் எழுதும் ஆள் இல்லை. கடிதம் எழுதியதில்லை, நாட்குறிப்பு வைத்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டால் பெரிது. தேதியோடு என்றால்...

அவர் முகம் அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மனைவி பயந்துபோனார்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"சிரிக்கறேன்" என்றார் ரசமட்டம்.

அன்று மாலையே கேட்டுக்குப் போனார்கள். அடிஸ்கேல் உள்ளே விடவில்லை. "சஸ்பெண்டு ஆன ஆளுக்குப் பதிவேட்டைக் காட்ட விதியில்ல, தம்பி."

"ஒரே ஒரு பக்கம், அண்ணே" என்றார் மனைவி.

"ஒரு வரிகூட முடியாதும்மா." பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, "இருபத்தொண்ணாம் தேதி விசாரணைக்கு இதை எடுத்துட்டு வரச்சொல்லி மேனேஜரே எழுத்துல குடுத்திருக்கார். அங்க வெச்சு யார் வேணா பாக்கலாம்" என்றார்.

மேனேஜர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததில்லை. தடிமனைப் பார்த்தார். ஏழு மாதம் ஒருவரைக் கண்காணித்திருக்கிறோம் என்றால் அவர் குற்றவாளியாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இல்லாவிட்டால் ஏன் கண்காணிக்கப் போகிறோம்?

விசாரணை மேனேஜர் அறையில், காலை பதினொரு மணிக்கு. மேனேஜர், ஃபோர்மன், கம்பெனி டாக்டர், பணியாளர் பிரிவு எழுத்தர் ஒரு பக்கம். ரசமட்டமும் மனைவியும் மறு பக்கம். அறை குளிராக இருந்தது. காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை.

"குற்றச்சாட்டைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"நான் குடிக்கறதில்ல." சொல் தடித்து, மெதுவாக வந்தது.

"கேட்டீங்களா சார், குழறுது" என்றார் ஃபோர்மன்.

"பதிவேடு?" என்றார் மேனேஜர்.

அடிஸ்கேல் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். "மார்ச் 4, திங்கள், காலை 7.50. பூஜ்யம். அதே நாள், மதியம் 1.30. பூஜ்யம். மார்ச் 5, செவ்வாய், காலை 7.50. பூஜ்யம்..."

நான்கு நிமிடம் இப்படியே போனது. மேனேஜர் மேசையைத் தட்டினார். "சுருக்கமா சொல்லுங்க."

"சுருக்கறதுக்கு எதுக்கு சார் பதிவேடு? சரி. மார்ச் 4 முதல் அக்டோபர் 9 வரை இருநூற்று இருபது நாள். அதுல ஞாயிறு முப்பத்தொண்ணு, கம்பெனி விடுமுறை மூணு, இவர் லீவு அஞ்சு. மிச்சம் நூற்று எண்பத்தோரு நாள். நாளுக்கு ரெண்டு வேளை, முந்நூற்று அறுபத்திரண்டு தடவை. விழுந்த அன்னைக்கும் ரெண்டு வேளை ஊதியிருக்கார். முந்நூற்று அறுபத்திரண்டும் பூஜ்யம்."

"மிஷின் வேலை செய்யல சார்" என்றார் ஃபோர்மன் அவசரமாக.

அடிஸ்கேல் பக்கத்தைப் புரட்டினார். "ஜூன் 17, திங்கள், மதியம் 1.34. குறிப்புக் கட்டம். 'மிஷின் சரியாக உள்ளதா எனச் சரிபார்க்க ஃபோர்மன் ஊதினார். அளவு 38. மிஷின் நன்றாக வேலை செய்கிறது.'"

கம்பெனி டாக்டர் ஜன்னல் வழியாக எதையோ ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"இதெல்லாம் ஏன்யா எழுதினீங்க?" என்றார் மேனேஜர்.

"உங்க உத்தரவு சார். மூணாவது பத்தி. 'மிஷின் தொடர்பான எதுவும் விடுபடாமல் எழுத வேண்டும்.'"

அப்போதுதான் மனைவி எழுந்தார். ஒரு கையில் நரம்பு டாக்டரின் கடிதம், மறு கையில் எண்ணெய்க் கறை படிந்த அட்டை. இரண்டையும் மேனேஜர் முன் வைத்தார். "சார், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேத்து வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. நம்பரை வேண்டாம். கையெழுத்தை."

அடிஸ்கேல் முதல் பக்கத்தைத் திறந்தார். விரலை அதில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பழக்கத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அளவுகோலை எடுத்தது.

"முதல் நாள் ஆறு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர்" என்றார். அளவுகோலை நகர்த்தினார். "கடைசி நாள் ஒண்ணு புள்ளி ஒண்ணு."

நடுப் பக்கங்களையும் புரட்டினார். வேலி தாண்டிய வால் மெல்ல மெல்லச் சுருங்கி, கட்டத்துக்குள் வந்து, பாதியாகி, கால்வாசியாகி, கடைசியில் கோட்டின்மேல் நசுங்கிய கொசு மாதிரி கிடந்தது. எந்த மருத்துவமனையும் எந்த நோயாளிக்கும் அவ்வளவு துல்லியமாகக் குறிப்பு எழுதி வைத்ததில்லை. நாளுக்கு இரண்டு முறை, நேரத்தோடு, காவலரின் மேலொப்பத்தோடு.

"நான் பழகிட்டாருன்னு நினைச்சேன்" என்றார் அடிஸ்கேல். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "சபாஷ்னு வேற சொன்னேன்."

"கையெழுத்துங்கறது அவங்கவங்க விருப்பம்" என்றார் கம்பெனி டாக்டர். அறையில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் நரம்பு டாக்டரின் கடிதத்தைப் படித்தார். தொழிலாளர் துறைக்கு நகல் அனுப்பப்பட்டது என்ற கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தார். பிறகு எச்சரிக்கை அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இவ்வளவு சின்ன எழுத்தை யார் படிப்பாங்க?"

"ஆமாங்க, இவர் எழுத்தும் இதே அளவுக்கு வந்துடுச்சு" என்றார் மனைவி.

முடிவு அன்று மதியமே எழுதப்பட்டது. மது அருந்தியதற்கான ஆதாரம் இல்லை. குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. டோக்கன் பதினேழு, தொழில் சார்ந்த நரம்புப் பாதிப்பு காரணமாகப் புகையில்லாத வேறு பணிக்கு மாற்றப்படுகிறார். சிகிச்சை கம்பெனியின் பொறுப்பு. ரசமட்டம் அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'ஆதாரம் இல்லை' என்று வரும் இடத்தை மட்டும் மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, மிகுந்த சிரமத்தோடு கையெழுத்துப் போட்டார்.

பணியாளர் பிரிவு எழுத்தர் அந்தத் தாளையும், இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய நியமன உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இது செல்லாதுங்க. கையெழுத்துப் பொருந்தல."

"கையெழுத்து சின்னதாயிடுச்சுன்னுதானே இந்தத் தாளே எழுதியிருக்கீங்க?" என்றார் மனைவி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பழைய மாதிரி போடச் சொல்லுங்க."

அடிஸ்கேல் பதிவேட்டை எழுத்தரின் மேசையில் ஓசை எழ வைத்தார். "முந்நூற்று அறுபத்திரண்டு இருக்கு. முதல்ல இருக்கறது உங்க பழைய கையெழுத்தோட பொருந்தும். கடைசியில இருக்கறது இந்தக் கையெழுத்தோட பொருந்தும். நடுவுல எங்க ஆள் மாறிப்போனார்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் உக்காந்திருக்கேன்."

எழுத்தர் பதினெட்டுப் பக்கம் புரட்டினார். பிறகு முத்திரை குத்தினார்.

இப்போது ரசமட்டம் பொருள் கிடங்கில் இருக்கிறார். ஜன்னல் ஓரம் மேசை. கை நடுங்குகிறது, நடை அப்படியேதான் இருக்கிறது, பின்னால் கால் வைப்பதே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறார், மாத்திரைக்கும் அவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை. தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், கிழிந்த உறையை மேனேஜரே தன் கையால் முழுவதும் பிரித்துப் போட்டார். இயந்திரம் உறிஞ்சுகிறது. அதற்குள்ளிருந்து முதல் வாரம் எடுத்த வடிகட்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, காலைப் பாலை ஊற்றிவைத்தபடியே விட்டுப் போனவர்கள் இரண்டு பேர்.

வெல்டர்கள் காலையில் கம்பி வாங்கக் கிடங்குக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. அடிஸ்கேல் வந்து உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தது. கையெழுத்துக் கட்டம் மட்டும் ஏழு சென்டிமீட்டர் அகலம்.

"இவ்வளவு பெரிய கட்டம் எதுக்குண்ணே? படம் வரையவா?" என்று டோக்கன் இருபத்து மூன்று கேட்டார். அவரும் பத்து ஆண்டு தாடை வேலை செய்தவர்.

"போடு" என்றார் ரசமட்டம்.

அவர் போட்டார். ரசமட்டம் மேசை டிராயரைத் திறந்து, அடிஸ்கேல் கொடுத்துவிட்டுப் போன பழைய அளவுகோலை எடுத்தார். அதைக் கோட்டில் நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கை நிற்கும்வரை வரிசை காத்திருந்தது. போன வாரப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

"கம்பியைக் குடுங்கண்ணே, நேரமாகுது."

"கம்பி இருக்கட்டும்" என்றார் ரசமட்டம், யாருக்கும் கேட்காத அந்தக் குரலில். வரிசையில் எல்லோருக்கும் கேட்டது. "அந்தக் கதவு வரைக்கும் போ. அங்கிருந்து திரும்பாம, பின்னாடியே நடந்து வா பாப்போம்."